மெதுவாகப் போனால் தள்ளாடும் புல்லட்

நம் சங்கத்து விழாக்களுக்கு என் பழைய புல்லட்டில் போய் இறங்கும்போதெல்லாம் அன்பர் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். "சார், எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நிறைய செலவு பண்ணிப் புதுசு மாதிரி ஆக்கிட்டேன். ரோட்டுல நல்லா ஓடுது. ஆனா மெதுவாப் போனா ஒரு மாதிரி தள்ளாடுது. என்னவா இருக்கும்?" என்பார். கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றபடி பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி அல்ல இது. அதற்கு விடை தேடியதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. ஆகவே எழுதியே விடுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இது 1986ஆம் வருடத்து புல்லட் 350. பிறந்த இடம் நம் திருவொற்றியூர். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாமே இங்கேயே தயாராயிற்று. தாய்க் கம்பெனி மூடிய பின்னும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆரம்பமாயிற்று. நாக்பூரில் இத்தனை வருடம் வாழ்ந்த பிறகும் அந்த ‘டக், டக்’ சத்தத்தில் எனக்குக் கொஞ்சம் வடசென்னை கேட்கும்.

என் மைத்துனர் மெட்ராஸில் வாங்கி, டாங்கிலிருந்து பெட்ரோலைச் சொட்டு இல்லாமல் வடித்து, சாக்கும் வைக்கோலும் சுற்றி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் பார்சலாக ஏற்றி அனுப்பினார். இருபது வருடம் ஓடியது. 2006ல் பிள்ளைகளின் படிப்பும் ஒரு செகண்ட் ஹாண்ட் காரும் சேர்ந்து அதை ஷெட்டுக்குள் தள்ளின. 2020ல் ரிடையர் ஆனேன். 2022ல் எட்டு மாதம் எடுத்துக்கொண்டு மொத்தமாகப் பிரித்தேன். ஃபிரேமைச் சுரண்டி பவுடர் கோட்டிங் கொடுத்தது, இஞ்சின் போர் போட்டது, புது ரிம்மில் புது ஸ்போக்ஸ் கட்டியது எல்லாம் கடைகளில் நடந்தது. ஹேண்டில் திரும்புகிற கழுத்து இருக்கிறதே, அந்த வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. புது கோன் செட் வாங்கி நானே பூட்டினேன். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 தீபாவளிக்கு என் மகள் புனேயிலிருந்து வந்தாள். அங்கே அவள் தினமும் ஆபீசுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவள். ஆறு வருடப் பழக்கம். சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "அப்பா, வேகமாப் போனா நல்லாத்தான் இருக்கு. மெதுவாப் போறப்ப நான் திருப்பறதை அது கொஞ்சம் லேட்டாக் கேக்குது. அப்புறம் நான் சொன்னதைவிட ஜாஸ்தியாத் திரும்பிடுது" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கொஞ்சம் இரு, பார்க்கலாம்" என்று. சொன்னது வேறு. "இது நூற்று அறுபது கிலோவுக்கு மேலே இருக்கும்மா. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், எல்லாமே உன் வண்டிக்குத் தலைகீழ். உனக்குக் கை பழகலே, அவ்வளவுதான்" என்றேன்.

மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் யு-டர்ன் எடுக்கும்போது விழுந்தாள். வேகம் நடை வேகம்தான். ஆனால் வண்டி அவள் கால்மேல் விழுந்தது. கணுக்காலில் முறிவு. நாலு வாரம் மாவுக்கட்டு. வண்டியைத் தூக்கி நிறுத்த உதவிய மெக்கானிக் ஒருவர், "புல்லட் இதெல்லாம் பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது சாப்" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

என் மனைவி வேறு எதுவும் பேசவில்லை. "வித்துடுங்க" என்றாள், ஒரே வார்த்தை. கேட்டு வைத்திருந்த ஒருவர் உடனே வந்தார். இஞ்சினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிற தன் பையனுக்காக. விலை படிந்தது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு வண்டியை எடுப்பதாகப் பேச்சு.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கேரேஜ் அண்ட் வாகன் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கோச் இன்ன இடத்தில் மோசமாக ஆடியது என்று டிரைவரோ கார்டோ புகார் எழுதினால், "ஆளுக்குப் பழக்கம் போதாது" என்று நாங்கள் பதில் எழுதியதில்லை. குழிக்கு மேலே வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி, சக்கரத்திலிருந்து ஸ்பிரிங் வரை அளந்து பார்த்த பிறகுதான் வாய் திறப்போம். எவனோ முகம் தெரியாத டிரைவருக்குக் கொடுத்த மரியாதையை என் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவள் சொன்னது என்ன மாதிரிப் புகார்! எந்த வேகத்தில், எந்த நேரத்தில், எப்படி என்று மூன்றும் இருந்தது. லேட்டாகக் கேட்கிறது, பிறகு அதிகமாகத் திரும்புகிறது. வண்டியில் கோளாறு என்றால், அடுத்த ஞாயிறு அதே கோளாறைப் பத்தொன்பது வயதுப் பையன் கையில் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கப் போகிறேன்.

காலையில் மனைவியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். மகளிடம், "நேத்து சொன்னியே, அதை மறுபடி சொல்லு" என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு சக்கர வண்டி மெதுவாகப் போகும்போது எப்படி விழாமல் நிற்கிறது என்பது தெரிந்தால்தான் கோளாறு எங்கே இருக்கும் என்பது புரியும்.

சிறு வயதில் துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ, கையை அந்தப் பக்கமே நகர்த்துவோம். அடி நகர்ந்து தலைக்குக் கீழே வந்துவிடும். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் முன் சக்கரம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போது டயர்கள் ஓடிப்போய் எடைக்குக் கீழே நிற்கும். சைக்கிள் பழகும் குழந்தை கற்றுக்கொள்வது இதைத்தான். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்த வேலையின் பெரும்பகுதியை வண்டியே பார்த்துக்கொள்ளும். சாய்ந்த பக்கம் முன் சக்கரம் தானாகத் திரும்பும். அதற்குப் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஹேண்டில் சுழல்கிற அச்சைக் கோடாக நீட்டினால் அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழுகிறது. ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சக்கரம் பின்னால் இழுபட்டு நேராகிறதே, அந்த மாதிரி. சக்கரம் பம்பரம்போல் சுழல்வதும் ஒரு காரணம். முன்பகுதியின் எடை எங்கே இருக்கிறது என்பதும் ஒன்று. இந்த முதல் இரண்டும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடக்கூடிய சைக்கிள் ஒன்றைச் செய்து காட்டி, நெதர்லாந்து டெல்ஃப்ட், அமெரிக்கா கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2011ல் ‘சயின்ஸ்’ பத்திரிகையில் எழுதினார்கள். விஷயம் நாம் நினைப்பதைவிடச் சிக்கலானது.

நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் தானியங்கும் குணம் பெரும்பாலும் வற்றிவிடுகிறது. அப்போது ஓட்டுகிறவரின் கை, நொடிக்கு நொடி, ஒரு டிகிரி, அரை டிகிரி என்று ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. நமக்கே தெரியாமல் நடக்கும் வேலை. அந்தச் சிறு திருத்தங்களுக்கு ஹேண்டில் தடையில்லாமல் இசைய வேண்டும்.

ரயிலில் இதற்கு நேர் எதிர். எங்கள் சக்கரத்தின் ஓடுதளம் இருபதுக்கு ஒன்று சரிவாகக் கடையப்பட்டிருக்கும். அந்தச் சரிவுதான் ஜோடிச் சக்கரத்தைத் தண்டவாளத்தின் நடுவே வைத்துக்கொள்கிறது. அதே சரிவுதான் வேகம் கூடும்போது சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே பாம்புபோல் நெளிந்து ஓடவும் காரணம். அதனால் ரயிலில் ஆட்டம் என்றால் வேகத்தில் தேடுவோம். மோட்டார் சைக்கிளில் வேகம் குறைந்த இடத்திலும் தேட வேண்டும். என் மூளை ரயில் பழக்கத்தில் ஊறியது. "அறுபதில் ஆடாமல் போகிறதே, பிறகென்ன?" என்று நான் இருந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனையை ஆரம்பிக்கும் முன் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எதையும் சரி செய்யும் முன் அளந்து எழுதுவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பழைய வண்டிக்காரர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். டயரை மாற்றி, காற்றை மாற்றி, செயினை இழுத்து, கழுத்தை இறுக்கி எல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டு, வண்டி இன்னும் மோசமானால் எதனால் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

முதல் கேள்வி, கோளாறு இஞ்சினிலா, சேசிஸிலா? மெதுவான வேகத்தில் இரண்டும் ஒன்று போலவே உணரப்படும். ஐடிலிங் ஒழுங்கில்லாமல் இஞ்சின் குத்திக் குத்தி இழுத்தாலும், செயின் ஒரு இடத்தில் தளர்ந்து ஒரு இடத்தில் இறுகினாலும், பின் சக்கர ஹப்புக்குள் இருக்கிற குஷ் ரப்பர்கள் நைந்துபோனாலும், கிளட்ச் முழுசாக விடாமல் ஒட்டினாலும், வண்டி திக்கித் திக்கிப் போகும், பாலன்ஸ் போகும். ஓட்டுகிறவர் "ஹேண்டிலிங் சரியில்லை" என்பார். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எங்கள் காலனியில் தண்ணீர் டாங்க் பக்கத்திலிருந்து ஒரு சரிவான ரோடு இறங்குகிறது. விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது, இஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில், நடை வேகத்துக்குச் சற்று மேலே அதில் உருண்டு வந்தேன். தள்ளாட்டம் அப்படியே இருந்தது. நேராகப் போக நினைத்தால் இடப்பக்கம் ஒரு முழம், வலப்பக்கம் ஒரு முழம் என்று கள்ளுக் குடித்தவன் போலப் போனது. இஞ்சின் நிரபராதி. அரை நாள் வேலை மிச்சம். அதோடு இன்னொன்றும் தெரிந்தது: முப்பத்தேழு வருடமாக இந்த வண்டியை ஓட்டும் என் கைக்கும் அது கட்டுப்படவில்லை. ரிப்பேருக்குப் பிறகு நான் ஓட்டியதெல்லாம் வர்தா ரோட்டில் காலை வேளையில், நாலாவது கியரில். நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

அடுத்தது டயர். பெட்ரோல் பங்க் பையன்கள் எந்த இரண்டு சக்கர வண்டி வந்தாலும் கைக்கு வந்த ஒரே அளவில் காற்று பிடிப்பார்கள். என் வண்டிக்குத் தனி ஆள் ஓட்ட முன்னால் 18 பவுண்டு, பின்னால் 28 பவுண்டு. முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனக்கும். மெதுவாகத் திருப்பினால் சாய்வதும் விழுவதும் போலிருக்கும். அதிகமானால் சிறு கல்லுக்கெல்லாம் துள்ளும். சொந்தமாக ஒரு சிறிய கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் வருடம் 22ஆவது வாரம். பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பத்து வருட டயரை நம்பக் கூடாது. நேர்ரோட்டிலேயே ஓடி நடுப்பகுதி தட்டையாகிப்போன டயர், திருப்பத்தில் முதலில் மறுக்கும், விளிம்பைத் தாண்டியதும் பொத்தென்று சாயும். மகள் சொன்ன ‘லேட், பிறகு ஜாஸ்தி’ என்பதற்கு இது பொருந்துகிறதே என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் என் டயர்கள் புதிது. ரிம்முக்கு மேலே டயரில் ஒரு மெல்லிய கோடு வளையமாக ஓடும். அது சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அதுவும் சரி.

பிறகு சக்கரம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடாமல் தொடும்படி வைத்துச் சுழற்றினால் கோட்டம் தெரியும். இரண்டு மில்லிமீட்டருக்குள் என்றால் கவலையில்லை. ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். செத்த சத்தம் கொடுப்பது தளர்ந்த கம்பி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பது கைக்குத் தெரிந்துவிடும். புதிதாகக் கம்பி கட்டிய சக்கரத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: கம்பியின் இழுப்பில் பிரேக் டிரம் மிக லேசாக நீள்வட்டமாகிவிடுவதுண்டு. அப்படியானால் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்கும். என்னுடையதில் இல்லை.

மூன்றாம் நாள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தோம். ‘பார்த்தோம்’ என்று எழுதக் காரணம், மகள் வராந்தாவில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு டயர், 3.25-19. அதனால் வேலை சுலபம். பின் டயரின் பக்கவாட்டில் ஒட்டி நூல் கயிற்றை இழுத்துப் பிடித்தால், ஹேண்டில் நேராக இருக்கும்போது அது முன் டயரின் முன், பின் விளிம்புகளையும் தொட வேண்டும். மறுபக்கமும் அப்படியே. செயினை இழுப்பதற்கு அச்சின் இரு முனையிலும் நத்தை ஓடு போன்ற பல் வைத்த தட்டுகள் உண்டு. இருபுறமும் ஒரே எண் பல்லில் இருந்தால் சரி என்று எல்லோரும் நம்புகிறோம். என் வண்டியில் பல் சமம். கயிறு பிடித்துப் பார்த்தால் பின் சக்கரம் லேசாக இடப்பக்கம் பார்த்தது. தட்டுகள் தேய்ந்திருக்கலாம். கயிற்றை நம்பி, வலப்பக்கம் ஒரு பல் மாற்றினேன். மறுநாள் காலை சரிவில் உருட்டிப் பார்த்தேன். முன்பு ஒரு பக்கமாக இழுத்தது நின்றது. தள்ளாட்டம் போகவில்லை.

"அப்போ அது இல்லே" என்று மகளே நோட்டில் எழுதினாள்.

பின் ஃபோர்க் புஷ்ஷையும் பார்த்தேன். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளினால் ‘டொக்’ என்று இடம் கொடுக்கக் கூடாது. கொடுக்கவில்லை. ஹேண்டிலை இரு கோடி வரை திருப்பி, கேபிள்களும் ஒயர்களும் எங்கேயும் இழுபடவில்லை என்றும், ஐடிலிங்கில் இருக்கும் இஞ்சினின் வேகம் திருப்பும்போது ஏறவில்லை என்றும் பார்த்தேன். இதை யாரும் தவறவிடாதீர்கள். ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தவறான வழியில் ஓட்டியிருந்தால், யு-டர்னின் நடுவில் வண்டி தானாகப் பாயும்.

மிஞ்சியது கழுத்து. உண்மையைச் சொன்னால், அதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் அது என் கைவேலை என்பதுதான்.

சோதனை மிக எளிது. சில பழைய மாடல்களில் ஹேண்டிலின் நடுவே ஸ்டியரிங் டாம்பர் குமிழ் ஒன்று இருக்கும். இருந்தால் முதலில் அதை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு விரலால் லேசாகத் தட்டுங்கள். அது தன் எடையாலேயே வழுக்கிக்கொண்டு கோடி வரை போய் விழ வேண்டும், இரண்டு பக்கமும். நடுவில் எங்கேயாவது தயங்கினால், ‘கடுக்’ என்று பள்ளத்தில் விழுந்து நின்றால், கோளாறு அங்கேதான்.

என் ஹேண்டில் விழவில்லை. தட்டினேன், ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. இன்னும் பலமாகத் தட்டினேன். கொஞ்சம் போய், மறுபடி நின்றது. வலப்பக்கம் போகப் போக இறுக்கம் கூடியது. வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை.

இறுகிய கழுத்து என்ன செய்யும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம். கை அரை டிகிரி திருப்ப நினைக்கிறது. உராய்வு விடவில்லை. வண்டி இன்னும் கொஞ்சம் சாய்கிறது. கை இன்னும் அழுத்துகிறது. உராய்வு சட்டென்று விடுகிறது. ஹேண்டில் இரண்டு டிகிரி ஓடிவிடுகிறது. இப்போது மறுபக்கம் திருத்த வேண்டும். அங்கேயும் இதே கதை. லேட்டாகக் கேட்கிறது, பிறகு ஜாஸ்தியாகத் திரும்புகிறது. வேகமாகப் போகும்போது திருத்த வேண்டிய தேவையே குறைவு, நேர்ரோட்டில் தெரியவில்லை. வலப்பக்கம் இறுக்கம் அதிகம். நம் நாட்டில் யு-டர்ன் எடுப்பதும் வலப்பக்கம்தான்.

கழுத்து தளர்ந்திருந்தால் அடையாளம் வேறு. முன் பிரேக் பிடிக்கும்போது ‘டக்’ என்று தட்டும். வேகத்தைக் குறைத்து வரும்போது கையை லேசாக்கினால் ஹேண்டில் இடமும் வலமும் படபடக்கும். தளர்ச்சி சத்தம் போடுவதால் எல்லோரும் அதைக் கண்டுபிடித்து இறுக்குகிறார்கள். இறுக்கம் சத்தம் போடுவதில்லை.

நானும் அப்படித்தான் இறுக்கியிருந்தேன். முதலில் பூட்டியபோது சரியாகத்தான் வைத்தேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிரேக்கில் ‘டக்’ வந்தது. நட்டை இறுக்கினேன். சில வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி இறுக்கினேன். புதுக் கோன் செட் ஏன் திரும்பத் திரும்பத் தளர வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பிரித்தபோது பதில் கிடைத்தது. ஃபிரேமுக்கு பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது கழுத்துக் குழாயின் உள்விளிம்பில், கோன் செட்டின் கிண்ணம் உட்காருகிற இடத்திலும் பூச்சு படிந்திருந்தது. அந்த இடத்தை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லியிருக்க வேண்டியது நான். பூட்டும் முன் சுரண்டியிருக்க வேண்டியதும் நான்தான். கீழ்க் கிண்ணம் உலோகத்தின்மேல் உட்காராமல், பூச்சின்மேல், ஒரு பக்கம் தூக்கலாக உட்கார்ந்திருந்தது. ஓட ஓடப் பூச்சு நசுங்கி இடம் விட்டது, நான் இறுக்கினேன், சாய்ந்த கிண்ணம் ஒரு பக்கம் பால்ரஸ்களைக் கடித்தது. கிண்ணத்தில் பால்ரஸ் ஓடிய தடம் ஒரு பாதியில் அகலமாகவும் பளபளப்பாகவும், மறுபாதியில் மயிரிழையாகவும் இருந்தது. நாற்பது வருடத்தில் எத்தனையோ அச்சுப்பெட்டிகளில் பார்த்த தடம்.

சரி செய்தது ஒரு முழு நாள் வேலை. பூச்சைச் சுரண்டி, கிண்ணம் உட்காரும் இடத்தில் பிரஷ்யன் ப்ளூ தடவி, கிண்ணத்தை வைத்து எடுத்துப் பார்த்து, நீலம் சுற்றிலும் சமமாகப் படியும் வரை விடவில்லை. புதுக் கோன் செட். மேலே பத்தொன்பது, கீழே பத்தொன்பது, கால் அங்குல பால்ரஸ்கள். கிரீஸ்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எண்ணி வையுங்கள். சிறிது இடைவெளி தெரிகிறதே என்று இருபதாவதைத் திணிக்கக் கூடாது. ஒன்று உருண்டு சமையலறைக்குள் ஓடி, என் மனைவி காலால் தடுத்து நிறுத்தினாள். ஏழு நாளில் அவள் இந்த விஷயத்தில் செய்த முதல் உதவி அது.

நட்டை எவ்வளவு இறுக்குவது? ஒருவர் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருவர் கழுத்து இணைப்பில் விரலை வைத்திருக்க வேண்டும். ஆட்டம் விரலுக்குத் தெரியாமல் மறைகிற இடம்தான் அளவு. அதற்கு மேல் மயிரளவுகூட வேண்டாம். பிறகு ஹெட்லைட்டைத் தாங்குகிற வார்ப்பின் போல்ட்டுகளையும் மேல் நட்டையும் இறுக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். ஏனென்றால் அவற்றை இறுக்கும்போது வைத்த அளவு மாறிவிடும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில். எனக்கு நாலு தடவை ஆயிற்று. ஐந்தாவது தடவை விரலால் தட்டியதும் ஹேண்டில் வழுக்கிக்கொண்டு போய்க் கோடியில் தட்டி நின்றது. மறுபக்கமும் அப்படியே. முன்னூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பார்த்தேன். சற்று இறங்கியிருந்தது, சரி செய்தேன். புதுக் கோன் செட்டுக்கு அது இயல்பு.

சரிவு ரோட்டில் மறுநாள் காலை உருட்டியபோது, ரோட்டின் வெள்ளைக் கோட்டின்மேலேயே கீழே வரை வர முடிந்தது.

வாங்க வந்தவருக்குப் போன் செய்து, விற்பதாக இல்லை என்று சொல்லி அட்வான்ஸைத் திருப்பினேன். காரணத்தையும் சொன்னேன். அவருக்குக் கோபம்தான். என் பெண்ணிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "தப்பு வண்டியிலதான்மா இருந்தது. வண்டியில வச்சது நான்" என்றேன்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேப்பா" என்றாள்.

"ஆமாம், சொன்னே."

கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடிந்து, 2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி சாவியைக் கேட்டாள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். என் மனைவி உள்ளே நின்றாள். தெருமுனை வரை போய், அதே இடத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் வலப்பக்கம் ஒரு யு-டர்ன் எடுத்துக்கொண்டு வந்தாள். நிறுத்தவில்லை. எங்களைத் தாண்டி அடுத்த முனைக்குப் போய், அங்கேயும் ஒன்று எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, இஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்போ சொன்ன உடனே கேக்குது. ஆனா பின் பிரேக் லேசா கீச்சுனு கத்துது, பாருங்க."

நோட்டை எடுத்து வரப் போனேன்.